உங்களுக்குத் தெரியுமா? உடம்பே ஓவியம்!

● மாசி அமாவாசையன்று காட்பாடியை ஒட்டிய விருதம்பட்டு உள்ளிட்ட ஊர்களிலிருந்து மயானக் கொள்ளைத் திருவிழாத் தேர்கள் பாலாற்றங்கரைக்குப் போகும். முகமும் மேனியும் வண்ணம் பூசிய ‘காளிகள்’ கூடவே ஆடி வருவார்கள்.

● சங்க காலப் பெண்களின் தோளிலும் மார்பிலும் வண்ணக் குழம்பு தொட்டுக் கரும்பும் கொடியுமாக வரைந்த ஓவியம்தான் தொய்யில். காதலனே வரைந்துவிடுவதும் உண்டு.

● திருச்சூரில் புலி வேஷம் போட்டு ஆடும் புலிக்களியில் தொப்பைக்காரர்களுக்குத் தனி மவுசு. புலியின் முகம் வரைவது வயிற்றில்!

● 1960-இல் பாரிஸில் ஓவியர் ஈவ் கிளைன், பெண்களின் உடலில் நீலம் பூசி, அவர்களையே தூரிகையாக்கினார்.

● உடல் ஓவியத்துக்கென்றே ஆஸ்திரியாவில் 1998-இல் உலகத் திருவிழா தொடங்கியது.

பிள்ளைகளுக்கு வேஷம் போடுகிறீர்களா? எனாமல் பெயின்ட் வேண்டாம். தோலுக்கென்றே விற்கும் வண்ணத்தை வாங்குங்கள்.