வானத்துக் குப்பையை யார் அள்ளுவது?



பௌர்ணமி கிரிவலம் முடிந்ததும் பாதையில் கிடக்கும் குப்பையை அள்ள ஆள் வருகிறார்கள். பூமியைச் சுற்றும் பழைய செயற்கைக்கோள்களையும் ராக்கெட் துண்டுகளையும் யார் அள்ளுவது? அவற்றில் பல நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. ஒரு ஆணி இடித்தாலே நல்ல செயற்கைக்கோள் வீணாகிவிடும்.

2018-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் விண்வெளியில் வலை வீசிப் பார்த்தார்கள். 2019-ல் ஈட்டி எய்து பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு துண்டையும் இப்படிப் பிடிக்க ரொம்பச் செலவாகும்.

நம்ம இஸ்ரோ என்ன செய்தது தெரியுமா? மழையை ஆராய 2011-ல் பிரான்சுடன் சேர்ந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸ், அப்படியே விட்டிருந்தால் 100 வருஷத்துக்கு மேல் சுற்றியிருக்கும். மிச்சமிருந்த எரிபொருளை வைத்தே அதைப் படிப்படியாக இறக்கினார்கள். 2023 மார்ச் 7-ல் பசிபிக் கடலுக்கு மேல் எரிந்து விழுந்தது.

போட்ட பிறகு அள்ளுவதைவிட, போடாமல் இருப்பதே சுலபம். பிள்ளைகளுக்கும் சொல்லுங்க!