சங்கொலி நின்ற நகரம்

வைகறையில் ஆலைச் சங்கு முழங்க, அவ்வொலியையே கடிகாரமாகக் கொண்டு கண்விழித்த நகரம் நமது மும்பை. பரேல், லால்பாக், வொர்லி முதலிய பகுதிகளை மராட்டிய மக்கள் ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், என்று அன்போடு அழைத்து வந்தனர். சென்ற திங்கள் நாம் அவ்வழியே நடந்து சென்றோம். வானளாவிய மாளிகைகளைக் கண்டோம், பேரங்காடிகளைக் கண்டோம், அவற்றின் நடுவே புகையின்றி நிற்கும் பழைய புகைபோக்கி ஒன்றையும் கண்டோம். சங்கொலி மட்டும் கேட்கவில்லை. அதனோடு மறைந்த பிழைப்பு எங்குச் சென்றது, நம் குடும்பங்கள் அதனால் அறிய வேண்டுவது யாது என்று அன்பர்களோடு கூடிச் சிந்திக்க விரும்புகிறோம்.

ஆலைகளின் காலம்

1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் இந்நகரின் முதல் நூற்பாலைக்கு வித்திட்டார். ஈராண்டுகளில் கதிர்கள் சுழலத் தொடங்கின. கொங்கணக் கரையினின்றும், சாத்தாரா, கோலாப்பூர்ப் பகுதிகளினின்றும், வடநாட்டினின்றும் மக்கள் திரண்டு வந்தனர். ஒருவர் ஆலையில் உழைத்தால், அவருக்குச் சோறாக்கித் தரும் ‘கானாவள்’ நடத்திய பெண்மணி பிழைத்தார். மளிகைக் கடைக்காரர் பிழைத்தார். ஊரிலிருந்த பெற்றோர் மணியார்டர் பெற்றுப் பிழைத்தனர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 60 ஆலைகளில் இரண்டரை இலட்சம் தொழிலாளர் பணிபுரிந்தனர்.

1982 சனவரி 18-ஆம் நாள், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் போனசும் கேட்டனர். தாம் விரும்பிய சங்கம் தமக்காகப் பேசத் தடையாயிருந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குமாறும் கேட்டனர். திங்கள்கள் கடந்தன, ஓராண்டும் கடந்தது. முறைப்படி முடிக்கப்படாமலேயே அப்போராட்டம் கரைந்து போயிற்று. பல்லாயிரவர் மீண்டும் ஆலை வாயிலுக்குள் அடிவைக்கவே இல்லை.

வேலைநிறுத்தம் ஒன்றே ஆலைகளை வீழ்த்தியது என்று கூறுவது பொருந்தாது. முதலாளிமார் பலர் பழைய எந்திரங்களைப் புதுப்பிக்காமல் காலங்கடத்தினர். பிவண்டி போன்ற ஊர்களின் சிறு கொட்டகைகளில் விசைத்தறிகள் பெருகின. ஆலைகளைக் கட்டுப்படுத்திய கூலி விதிகளும் நேர விதிகளும் அங்கு எட்டவில்லை. நூற்புத் தொழிலில் நமது கோவை வட்டாரம் மேலோங்கியது. துணி நெய்யும் வேலை உலகைவிட்டு ஒழிந்துவிடவில்லை. உரிமையுள்ள இடத்தினின்று உரிமை குறைந்த இடத்திற்கு அதன் பெரும்பகுதி பெயர்ந்தது என்பதே உண்மை.

இறந்த யானையின் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டுப் பழமொழி. மும்பை ஆலைகளோ இருந்தபோதினும் இறந்தபோது மிகுந்த பொன் ஈந்தன! அவை நின்ற நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991-இல் வகுத்த விதிப்படி, விற்கப்படும் ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொதுத் திடலுக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கும், ஒரு பங்கு உரிமையாளருக்கும் சேர வேண்டும். 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடமின்றி வெறுமையாய்க் கிடந்த நிலம் மட்டுமே பங்கிடப்படும் என்றாயிற்று. பொதுமக்களுக்குரிய பங்கு பெரிதும் சுருங்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது; 2006 மார்ச்சில் திருத்தமே நிலைநிறுத்தப்பட்டது. பீனிக்ஸ் ஆலை பேரங்காடி ஆயிற்று. மற்றும் பல ஆலைகள் அலுவலக மாளிகைகள் ஆயின.

ஆலையில் உழைத்தோருக்கு வீடு வழங்கப் பின்னர் அரசு முன்வந்தது. 2012-இல் நடந்த முதற் குலுக்கலில் இருந்தவை 6,925 வீடுகள். வேண்டி நின்றோரோ இலட்சத்துக்கும் மேற்பட்டோர். யானைப்பாகனுக்கு எவ்வளவு பொன் கிட்டியது என்பதை அன்பர்களே உணர்ந்துகொள்க.

இரு ஏணிகள்

ஆலைக்குப் பின் வந்தது பணித்துறை. வங்கி, காப்பீடு, கணிப்பொறி, வணிகம், காவல், பொருள் கொண்டு சேர்த்தல் யாவும் அதனுள் அடங்கும். நாட்டின் வருவாயில் பாதிக்கு மேல் அத்துறையினின்று வருகிறது. 2023-24-ஆம் ஆண்டின் அரசினர் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நூறு உழைப்பாளருள் ஆக்கத் தொழிலில் இருந்தோர் 11.4 பேர் மட்டுமே. மேலை நாடுகள் வயலினின்று ஆலைக்கும், ஆலையினின்று அலுவலகத்துக்கும் படிப்படியாக ஏறின. நம் நாட்டிலோ நடுப்படி வலுப்பெறுமுன்னரே மேற்படிக்குத் தாவ நேர்ந்தது. கல்வி கைக்கொடுத்தோர் தாவினர். ஏனையோர் இடையில் நின்றனர்.

இவ்வுண்மையை நம் தமிழர் வரலாறே எடுத்துக்காட்டும். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று மாதுங்காவில் குடியேறிய குடும்பங்கள் தொடக்கம் முதலே அலுவலகத்தை நம்பின. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று கணிப்பொறி நிறுவனங்களில் அமர்ந்துள்ளனர். திருநெல்வேலிச் சீமையினின்று தாராவிக்கு வந்தோரோ தோல் பதனிடும் தொழிலை நம்பினர். அத்தொட்டிகள் நகரைவிட்டு நீங்கின. தோற்பொருள் கடைகளும் சிறு பட்டறைகளும் எஞ்சின. ஊர் ஒன்று, மொழி ஒன்று. ஏறிய ஏணிகள்தாம் வேறு.

முற்காலத்தில் ஆலை வாயிலில் ‘பத்லி’ என்னும் மாற்றாள்கள் நாள்தோறும் காத்து நிற்பர். நிலையான தொழிலாளி எவரேனும் வாராதிருந்தால் அன்று அவர்க்கு வேலை. இல்லையேல் வெறுங்கையோடு வீடு திரும்புவர். இன்று தெருமுனையில் இருசக்கர வண்டியோடு கைபேசியை உற்றுநோக்கி நிற்கும் இளைஞரைக் காணுங்கள். வாயில் மறைந்தது, காத்திருப்பு மறையவில்லை. பத்லிக்காரர் என்றேனும் நிலையான வேலை கிட்டும் என்று நம்பியிருந்தார். இவ்விளைஞருக்கு அந்நம்பிக்கையைத் தருவார் யார்?

வழி உண்டு

பணித்துறை வேலை தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. ஆலை வேலையும் தொடக்கத்தில் கொடியதாகவே இருந்தது. போராட்டமும் சட்டமுமே அதற்கு மதிப்பளித்தன. இம்மாநிலத்தில் மூட்டை சுமக்கும் ‘மாத்தாடி’த் தொழிலாளர், அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் ஒன்றுபட்டு, 1969-இல் தமக்கென ஒரு சட்டம் பெற்றனர். நாளொரு முதலாளியிடம் உழைத்தாலும், வாரியத்தில் பதிவும், அதன்வழிக் கூலியும், வைப்புநிதியும் அவர்க்கு உண்டாயின. காவற்பணியாளருக்கு 1981-இல் அத்தகைய சட்டம் வந்தது. கைபேசிவழி வேலை செய்வோரை 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு முதன்முறையாகப் பெயர் சுட்டிக் குறித்துள்ளது. பெயர் வந்தது, பயனும் வருதல் வேண்டும். அது கேளாமல் வாராது.

இன்னுமொன்று. ஆலைத் தொழிலாளர் வீடு கேட்டபோது, 1982-இன் தொடக்கத்திலோ அதற்குப் பின்னரோ தாம் ஆலையில் பணியாற்றியதைக் காட்டச் சான்று வேண்டியிருந்தது. பணிச்சீட்டும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் வைப்புநிதித் தாளும் பேணியோர் முன்னே நின்றனர். மழையில் நனைந்தும் இடமாற்றத்தில் தொலைந்தும் அவற்றை இழந்தோர் அலைந்து வருந்தினர். இன்று தாராவியைப் புதுக்கும் திட்டம் நடைபெற்று வருகிறது. பட்டறையிலும் கடையிலும் வீட்டுவேலையிலும் உழைக்கும் நம்மவர், வாடகைச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு, உரிமத் தாள், கூலிக் குறிப்பு ஆகியவற்றை இன்றே தொகுத்து, படியெடுத்துக் காத்தல் வேண்டும். தாள்தானே என்று எண்ணற்க.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். மகன் வேலைக்குச் சேர்ந்தான் என்றால், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். வைப்புநிதி பிடிக்கிறார்களா, நோய்க்கு உதவி உண்டா, பணியாணை எழுத்தில் தந்தார்களா என்றும் கேளுங்கள். மகள் சேர்ந்தாலும் அவ்வாறே கேளுங்கள். விடை அறியாதார் நம் சங்கத்துக்கு வரின், அறிந்தோர் உடனிருந்து உதவுதல் நம் கடமையாகும்.

சங்கொலி இனி எழப்போவதில்லை. அன்று அச்சங்கு ஆயிரவரை ஒரே வாயிலில் ஒன்றுசேர்த்தது. இன்று நம்மவர் தனித்தனியே உழைக்கின்றனர். அவர்களை ஒன்றுசேர்க்கும் வாயில் இனி நாமே அமைத்துக்கொள்ள வேண்டியதாகும்.