குழந்தையின் தோல் உரிகிறதா? பத்து நாள் பின்னோக்கிப் பாருங்கள்



திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தத் திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆகவே இங்கே தாய்மார் தமிழிலும் பேசுவார்கள், தெலுங்கிலும் பேசுவார்கள். இரண்டு மொழியிலும் அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"டாக்டரம்மா, பிள்ளைக்குக் கையெல்லாம் தோல் உரியுது. என்ன பூசலாம்?"

இந்தக் கேள்விக்கு உடனே ஒரு களிம்பின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நல்ல மருத்துவர் முதலில் வேறொன்று கேட்பார். "ஏம்மா, பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா? எத்தனை நாள் இருந்தது?" தாய் சற்று யோசிப்பார். கூட வந்த ஆயா பதில் சொல்லுவார்: "ஆமாங்க, அஞ்சாறு நாள் அனலாக் கொதிச்சுது. அப்புறம் தானா விட்டுடுச்சி."

தோலைப் பார்க்க வந்த இடத்தில் போன காய்ச்சலைப் பற்றி ஏன் கேட்கவேண்டும்? இதைத்தான் இந்த இதழில் உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

தோல் ஏன் உரிகிறது?

நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. அடியில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, உலர்ந்து உதிர்கின்றன. இதற்கு ஏறக்குறைய 4 வாரம் ஆகும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கடும் காய்ச்சலோ, கிருமியின் நச்சோ, சத்துக்குறைவோ இந்த வேலையைக் குலைத்துவிட்டால், பழுதான அடுக்கு பிறகு ஒன்றாகச் சேர்ந்து உரியும். ஆகவே பல வேளைகளில் தோல் உரிவது முன்பு நடந்த ஒன்றின் அடையாளம். இன்று உரிவதைப் பார்த்து, அன்று என்ன நடந்தது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

பயப்பட வேண்டாதவை

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் கை, கால், வயிற்றில் தோல் உரிவது இயல்பு. நாள் தாண்டிப் பிறந்த குழந்தைகளுக்கு இது சற்று அதிகம். உரசித் தேய்க்கவேண்டாம், தானாகச் சரியாகும். ஆனால் பிறந்ததிலிருந்தே உடல் முழுவதும் மீன் செதில்போலத் தோல் இருந்து, அது மாறாமல் நின்றால், பரம்பரையாக வரும் தோல் நோயாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மார்கழிக் குளிரில் தோல் வறண்டு வெண்மையாக உதிரும். விரல் சூப்பும் பிள்ளைக்கு அந்த ஒரு விரல் மட்டும் உரியும். திருத்தணியில் மொட்டையடித்த பிள்ளையை வெயிலில் நெடுநேரம் வைத்திருந்தால், வெந்த தலைத்தோல் சில நாளில் உரியும். குல்லாயோ துணியோ போட்டுக் காப்பாற்றலாம்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் ஒரு வைரஸ் காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆறியபின் உள்ளங்கை, உள்ளங்கால் உரியும். ஓரிரு மாதம் கழித்து நகம்கூடக் கழன்று விழலாம். பெற்றோர் பதறிப்போவார்கள். புது நகம் முளைத்துவிடும், மருந்து தேவையில்லை.

மருந்தால் தீருபவை

முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் அரித்து, வறண்டு, செதிலாக உரிந்தால் பெரும்பாலும் அது கரப்பான். வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் மட்டும் செதில் இருந்தால் படர்தாமரை. விரல் இடுக்கில் இரவெல்லாம் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் சொறி சிரங்கு. சிரங்குக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் "தோலுக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் படர்தாமரை உள்ளுக்குள் பரவும். குழந்தையின் தோல் மெலிந்து நரம்பு தெரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் கரப்பானுக்கு இதுவே நல்ல மருந்து. அண்டை வீட்டார் கொடுத்தால் வாங்கிப் பூசாதீர்கள்.

தட்டம்மைக்குப் பின்

தட்டம்மை இறங்கும்போது தோல் தவிடுபோல மெல்ல உதிரும். உதிர்வதால் கேடில்லை. ஆனால் தட்டம்மை பிள்ளையின் உடலிலிருந்து வைட்டமின் ஏ சத்தை உறிஞ்சிவிடும். கண்பார்வை போவதும், நிமோனியா வருவதும் அதன்பின்தான். ஆகவே தட்டம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் ஏ மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பது வழக்கம். வேப்பிலை கட்டி, தனியறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களோடு நாம் வாதாடவேண்டியதில்லை. "அதோடு இந்த மருந்தையும் கொடுங்கம்மா" என்றால் கேட்பார்கள். இதைவிட நல்லது தடுப்பூசி. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

இதயத்தைத் தொடும் காய்ச்சல்

இப்போது அந்த ஆயா சொன்ன "அஞ்சாறு நாள்" காய்ச்சலுக்கு வருவோம்.

ஜப்பானில் தோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961இல் வினோதமான காய்ச்சல் கண்ட ஒரு சிறுவனைப் பார்த்தார். அதேபோன்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்து, 1967இல் 50 பேரைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. நம் நாட்டிலும் இது உண்டு. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருகிறது.

அடையாளங்கள் இவை: 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், சிவந்து வெடித்த உதடு, செம்புற்றுப்பழம்போன்ற நாக்கு, உடலில் தடிப்பு, கழுத்தில் நெறி, கை கால் வீக்கம். எல்லாம் ஒரே நாளில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நகத்தின் ஓரத்திலிருந்து விரல் தோல் உரியத் தொடங்கும். அப்போது காய்ச்சல் போயிருக்கும், பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். ஆனால் மருத்துவம் பெறாத 100 பிள்ளைகளில் 20 முதல் 25 பேருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் புடைத்துவிடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது.

காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினால் இந்த ஆபத்து மிகவும் குறையும். 10 நாள் கடந்திருந்தாலும் கைவிட வேண்டாம். எக்கோ பரிசோதனை செய்து இதயத்தைப் பார்த்து, தேவையான மருந்து கொடுக்கலாம். ஆகவே விரல் நுனி உரிகிறது, முன்பு நீண்ட காய்ச்சல் இருந்தது என்றால், களிம்பு தேடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தொண்டை வலியும் உப்புத்தாள்போன்ற சொரசொரப்பான சிவப்புத் தடிப்புமாக வரும் செங்காய்ச்சலுக்குப் பின்னும் விரல்கள் உரியும். அதற்குப் பென்சிலின் வகை மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்கவேண்டும். பாதியில் நிறுத்தினால் பின்னால் இதய வால்வைத் தாக்கும் வாதக்காய்ச்சல் வரலாம்.

சவலைப் பிள்ளை

இனி, எல்லாவற்றிலும் மனதை வருத்தும் காரணம். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து, முடி செம்பட்டையாகி, தோல் பழைய சுவரின் பூச்சுபோலக் கருத்துப் பெயர்ந்து வரும் குழந்தை. முகம் உப்பியிருப்பதால் பார்ப்பவர்கள் "பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். உண்மையில் அது கடும் ஊட்டக்குறைவு.

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், இந்த நோயை 1933இல் விவரித்தார். அங்குள்ள தாய்மார் சொன்ன பெயரையே 1935இல் உலகுக்கு அறிவித்தார்: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். நம் தமிழில் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: சவலை. தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறந்து மெலிந்த பிள்ளையை நம் பாட்டிமார் சவலைப் பிள்ளை என்றார்கள். கடல் கடந்த இரண்டு நாட்டுத் தாய்மாரும் ஒரே காரணத்தைக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், அது 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய பின்னரும், டாக்டர் சி.கோபாலன் முதலானோர் இந்நோயை ஆராய்ந்தார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே முட்டையும் பாலும் ஒரேயடியாகக் கொடுப்பது ஆபத்து. உடல் தாங்காது. மருத்துவமனையில் வைத்து, சூடு குறையாமல் காத்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, முதல் நாட்களில் சிறுகச் சிறுக ஊட்டி, பிறகே அளவைக் கூட்டுவார்கள். வீக்கம் வடியும், புதுத் தோல் வரும், ஒருநாள் பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் குணமடைவதின் முதல் அடையாளம் என்று செவிலியர் சொல்வார்கள்.

இரண்டு காலிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, உடனே காட்டவேண்டும். ஒரு நாடா போதும் இதைக் கண்டுபிடிக்க.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் இத்தகைய பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிதும் உதவின. ஆனாலும் இந்த நோய் முற்றிலும் போய்விடவில்லை. தறியில் கூலி குறைந்த வாரம், வயிற்றுப்போக்கு வந்த வாரம், புதுக் குழந்தை பிறந்த வாரம், இவற்றில் மூத்த பிள்ளையின் தட்டில் வெறும் கஞ்சியும் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும்தான் விழும். தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கன்வாடியில் பெயர் சேர்க்கவும், கஞ்சியில் பருப்பும் வேர்க்கடலையும் கீரையும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்க்கவும் யாராவது அருகில் இருந்து சொல்லவேண்டும். கருவுற்றாலும் பொதுவாகப் பாலை நிறுத்தவேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் 14 நாள் கொடுக்கவேண்டும். இந்தச் சத்து குறைந்தாலும் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் தோல் உரியும்.

அன்றே மருத்துவமனைக்கு

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

வெந்நீர் பட்டதுபோலத் தோல் சிவந்து, தொட்டால் வலித்து, தாள் தாளாகக் கழன்றுவந்தால். சிறு குழந்தைகளுக்குக் கிருமியின் நச்சால் இப்படி ஆகும்.

வலிப்பு மருந்தோ, சல்பா மருந்தோ, வேறு புதிய மருந்தோ தொடங்கிய சில வாரங்களில் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணானால். அந்த மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

உரிதலோடு காய்ச்சல், சோர்வு, பால் குடிக்காமை, சிறுநீர் குறைதல் இருந்தால்.

வீட்டில் செய்யவேண்டியது

வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டுங்கள். காரமான சோப்பு வேண்டாம். ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். புண்ணான இடத்தில் சுண்ணாம்பு, சாம்பல், பற்பசை எதையும் அப்பாதீர்கள். காய்ச்சல் வந்தால் அது தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த ஒரு தேதி, மருத்துவருக்குப் பத்துக் கேள்விகளை மிச்சப்படுத்தும். சில வேளைகளில் ஒரு பிள்ளையின் இதயத்தையே காப்பாற்றும்.

தோல் உரியும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எண்ணெயும் பொறுமையும் போதும். யாருக்குப் போதாது என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் பழைய காய்ச்சலைப் பற்றிய கேள்வி. இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஓர் இளம் தாய்க்கும் படித்துக் காட்டுங்கள்.