காய்ந்த ரொட்டி தரும் மென்மை

இத்தாலியில் ரொட்டியை மேசைமேல் கவிழ்த்து வைத்தால், வீட்டுப் பெரியவர் யாராவது கை நீட்டி அதை நிமிர்த்தி வைப்பார். கவிழ்ந்த ரொட்டி குடும்பத்துக்கு ஆகாது என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. அப்படி மதிக்கப்படும் ரொட்டி இரண்டே நாளில் கல்லாக இறுகிவிட்டால் என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வராது. கொஞ்சம் சூப்பில் ஊறும். கொஞ்சம் தக்காளி, வெங்காயத்தோடு சாலட்டில் சேரும். கொஞ்சம் தூளாகி, எண்ணெயில் வறுபட்டு, பாஸ்தாவின் மேல் விழும். மிச்சம் போய்ச் சேரும் இடம் போல்பெத்தே. கொத்துக்கறியோடு பிசைந்து, உருட்டி, தக்காளிச் சாற்றில் மெல்ல வேகவைக்கும் கறி உருண்டை.

ஆங்கிலத்தில் இதற்கு மீட்பால் என்று பெயர். பெயரில் இறைச்சி இருக்கிறது, ரொட்டி இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் நானும் முதல் தடவை இதைச் செய்தேன். ரொட்டி சேர்ப்பது அளவைக் கூட்டிக் காட்டும் வேலை என்று நினைத்தேன். கொழுப்பே இல்லாத கறியாகப் பார்த்து வாங்கி, முட்டை மட்டும் உடைத்து ஊற்றி, அழுத்திப் பிசைந்து, கோலா உருண்டைக்கு உருட்டுவதுபோல இறுக்கி உருட்டினேன். ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் கரண்டியால் வெட்ட முடியவில்லை. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளில் சாறு தீர்ந்து உருண்டைகள் மிஞ்சியிருந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இந்த உருண்டைகளோடு போயிருக்கின்றன. இப்போது உறுதியாகச் சொல்வேன்: இதற்கு உயிர் கொடுப்பது பாலில் ஊறிய அந்தப் பழைய ரொட்டிதான்.

காரணம் கறிக்குள்ளேயே இருக்கிறது. தசையில் மயோசின் என்றொரு புரதம் உண்டு. உப்புப் பட்டதும் அது கரைந்து பசையாக வெளியே வரும். பிசையப் பிசைய அந்தப் பசை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சூடு பட்டதும் பின்னல் இறுகும். சாசேஜுக்கு அந்த இறுக்கம் வேண்டும், கடித்தால் பல்லுக்கு எதிர்த்து நிற்க வேண்டும். போல்பெத்தேவுக்கு அதுவே கேடு. அடுத்து, சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கறியிலுள்ள கொலாஜன் சுருங்கத் தொடங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருக்கும் சாற்றை வெளியே தள்ளும். ஊறிய ரொட்டி இந்த இரண்டுக்கும் குறுக்கே நிற்கிறது. அதன் மாவுச்சத்து கறித்துணுக்குகளுக்கு நடுவில் புகுந்து அவற்றை நெருங்கிப் பிணைய விடாமல் விலக்கி வைக்கிறது. பாலையும், கறியிலிருந்து கசியும் சாற்றையும் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு ஈரத்தை உறிஞ்சி உருண்டையைக் கட்டி நிறுத்துகிறது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிய அது தேவை. இங்கே ரொட்டி செய்வது வேறு வேலை. உருண்டையை உதிர்ந்துவிடும் எல்லை வரை கொண்டுபோய், உதிராமல் நிறுத்துகிறது.

இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு வேதநூல் போல ஆன புத்தகம் பெல்லெக்ரினோ அர்தூசி எழுதியது. பட்டு வணிகம் செய்து ஓய்ந்த மனிதர். 1891இல் தன் சொந்தச் செலவில் ஃபிளாரன்ஸில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். 1911இல் அவர் இறக்கும்போது 790 ஆகியிருந்தன. போல்பெத்தே குறிப்பைத் தொடங்கும்போதே, இதை உங்களுக்குக் கற்றுத்தரும் எண்ணம் எனக்கில்லை, எல்லோருக்கும் தெரிந்த உணவுதானே என்று ஒதுங்கிக்கொள்கிறார். அவர் பயன்படுத்தச் சொல்வது சூப்புக்கு வெந்து மிஞ்சிய கறி. அதோடு பாலிலோ கறிச்சாற்றிலோ குழைந்த ரொட்டி, சீஸ், விருப்பமிருந்தால் உலர்திராட்சையும் பைன் கொட்டையும். முட்டை அளவில் உருட்டி, பூமியைப் போலத் துருவங்களில் சற்றே தட்டையாக்கச் சொல்கிறார். அந்தத் தட்டை வீண் அலங்காரமல்ல. வாணலியில் உருளாமல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிவக்கும். மிஞ்சிய கறி, மிஞ்சிய ரொட்டி. இரண்டு மிச்சங்கள் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாடாகின்றன.

சரி, அடுப்படிக்குப் போவோம். நான்கு பேருக்கு அரை கிலோ கொத்துக்கறி. இத்தாலியில் பெரும்பாலும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலப்பார்கள். அப்ருட்சோ மலைப்பகுதியில் ஆட்டுக்கறியும் உண்டு. எனவே நம்மூர் ஆட்டுக்கறியில் செய்யத் தயங்க வேண்டாம். கறிக்கடையில் மட்டும் கொழுப்பை நீக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் உருண்டை வறளாது.

ரொட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ பழையதாக இருக்கட்டும். சர்க்கரை தூக்கலாக இருக்கும் பேக்கரி பிரெட் வேண்டாம், இனிப்பு சாற்றோடு ஒட்டாது. ஓரத்தை வெட்டியெடுத்து ஒரு தட்டில் தனியே வையுங்கள். அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது. நடுப்பகுதி 100 கிராம் அளவுக்குப் பிய்த்துப்போட்டு, 120 மில்லி பால் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். நேப்பிள்ஸ் பக்கம் பல வீடுகளில் பாலுக்குப் பதில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுவார்கள். எதில் ஊறினாலும் கட்டி தட்டாமல் விரலால் மசித்துக் கூழாக்க வேண்டும்.

இனி வருவதுதான் பலரும் தவறவிடும் இடம். முட்டை ஒன்று, துருவிய பார்மிஜானோ சீஸ் 50 கிராம், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி, நசுக்கிய பூண்டு ஒரு பல், உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை எல்லாவற்றையும் முதலில் ரொட்டிக் கூழில் கலந்துவிடுங்கள். கறி கடைசியில் வரட்டும். அப்போது கறியைக் கலக்க அரை நிமிடம் போதும். விரல்களை விரித்து, அள்ளி அள்ளி விடுவதுபோல. உள்ளங்கையால் அழுத்தக் கூடாது. கலவை கையில் ஒட்டும், தளர்வாக இருக்கும், நிற்குமா என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்தால் சரியான பதம். மாவைத் தூவி இறுக்கப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி ஈரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பும் உறையும். பிறகு கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சை அளவில் உருட்டுங்கள். இருபது வரும்.

ஆலிவ் எண்ணெயில் மிதமான தீயில் மேலே பொன்னிறம் ஏறும் வரைக்கும் வறுத்தால் போதும். உள்ளே வேக வேண்டியதில்லை. வறுக்காமல் பச்சையாகவே சாற்றில் இடும் வீடுகளும் இத்தாலியில் உண்டு; அப்படிச் செய்தால் உருண்டை இன்னும் மென்மையாக இருக்கும். எனக்கு அந்தச் சிவந்த தோலின் மணம் வேண்டும், அதனால் வறுக்கிறேன்.

தக்காளிச் சாறு என்றால் பாட்டிலில் வரும் இனிப்பு கெட்சப் நினைவுக்கு வரக்கூடாது. இத்தாலியர்கள் இதை சூகோ என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தக்காளி இத்தாலியச் சமையலறைக்குள் நுழையவே வெகு காலம் பிடித்தது. 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் ஒரு தக்காளிச் சாறு வருகிறது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோலுரித்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து நறுக்கச் சொல்கிறார். அதற்கு அவர் கொடுத்த பெயரே ஸ்பானிய பாணிச் சாறு என்பதுதான். அர்தூசி காலத்துக்குள் நிலைமை தலைகீழ். ரொமாஞ்ஞா பகுதியில் எல்லார் விவகாரத்திலும் மூக்கை நுழைத்த பாதிரியார் ஒருவருக்கு ஊர் மக்கள் தக்காளிச் சாமியார் என்று பட்டப்பெயர் வைத்த கதையைத் தன் சாறுக் குறிப்பில் எழுதுகிறார். தக்காளியும் எதிலும் நுழைந்துவிடும் அல்லவா.

தென்னித்தாலியில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் முழுக் குடும்பமும் கூடும். கூடை கூடையாகத் தக்காளி வரும். கழுவுபவர், வெட்டுபவர், இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றித் தோலும் விதையும் நீக்குபவர், பாட்டிலில் ஒரு பேசில் இலையைப் போட்டு நிரப்புபவர் என்று சிறுவர் முதல் பாட்டி வரை ஆளுக்கொரு வேலை. மூடிய பாட்டில்களைப் பெரிய இரும்பு டிரம்மில், உடையாமலிருக்கத் துணி சுற்றி அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகில் கொதிக்கவைப்பார்கள். அடுத்த கோடை வரைக்குமான பஸ்ஸாத்தா, அதாவது வடித்த தக்காளிக் கூழ், அன்றே தயார். வற்றல் காயவைத்து, வடாம் பிழிந்து வளர்ந்த நமக்கு அந்த முற்றத்தின் சத்தமும் அவசரமும் கேட்காமலே புரியும்.

அங்கே பேர்பெற்ற ரகம் சான் மர்சானோ. வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் விளைவது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பு பெற்றது. நீளமாக, சதைப்பற்றோடு, விதை குறைவாக இருக்கும். நம் சந்தையில் நாட்டுத் தக்காளிக்குச் சாறும் புளிப்பும் அதிகம், ரசத்துக்கு அதற்கு ஈடில்லை. சூகோவுக்கு நன்றாகப் பழுத்த பெங்களூர்த் தக்காளி முக்கால் பங்கும் நாட்டுத் தக்காளி கால் பங்கும் எடுப்பது என் வழக்கம். ஒன்றேகால் கிலோ வேண்டும். கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலுரித்துக் கையாலேயே நசுக்குங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை வீணாக்க வேண்டாம். தக்காளியின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட் சதையைவிட அங்கேதான் அதிகம். டின்னில் வாங்கினால் முழுத் தக்காளியாக வாங்குங்கள். துண்டுகளாக அடைத்து வருவதில் வடிவம் குலையாதிருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். அந்தத் துண்டுகள் எவ்வளவு கொதித்தாலும் எளிதில் குழையா.

இத்தாலியச் சமையல் நூலாசிரியர் மார்செல்லா ஹசான் 1973இல் வெளியிட்ட தன் முதல் நூலில் தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம் மூன்றே பொருளில் ஒரு சாறு சொன்னார். பாஸ்தாவுக்கு அற்புதம். கறி உருண்டைக்கு எனக்கு ஆலிவ் எண்ணெயும் பூண்டும்தான் பொருந்துகின்றன. உருண்டை வறுத்த வாணலியில் கரிந்த எண்ணெய் இருந்தால் வடித்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி புது எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு இரண்டு பல் போடுங்கள். பூண்டு சிவப்பதற்குள் தக்காளியை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் கறிப்பொருக்கை அகப்பையால் சுரண்டிக் கலக்குங்கள். உப்பும் சில பேசில் இலைகளும் போதும். நம் திருநீற்றுப்பச்சிலை, அதுதான் சப்ஜா விதை தரும் செடி, இதே பேசில் இனம். மணம் சற்றுக் காட்டமாக இருக்கும் என்பதால் இரண்டு இலை போதும்.

நேப்பிள்ஸ்காரர்கள் சாறு கொதிப்பதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பிப்பியாரே. தளதளவென்று கொதிப்பதல்ல. அடியிலிருந்து ஒரு குமிழி மெல்ல எழுந்து, பொத் என்று உடைந்து, சற்றுப் பொறுத்து அடுத்தது எழும் சத்தம். இருபத்தைந்து நிமிடம் அப்படி விட்டால் எண்ணெய் ஓரத்தில் பிரியும். அப்போது உருண்டைகளை இறக்குங்கள். பாதி மூடி, அதே தீயில் இன்னும் இருபத்தைந்து நிமிடம். கரண்டி போட்டுக் கிளற வேண்டாம், பாத்திரத்தின் காதுகளைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் தொடாமலிருக்கப் பழகுங்கள். சூடு தணியத் தணிய உருண்டை சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதை ஸ்பகெட்டி மேல் வைத்துத் தருவது இத்தாலியில் பிறந்த பழக்கமல்ல. 1880க்கும் 1920க்கும் இடையில் 40 லட்சம் பேர் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள், பெரும்பாலும் வறண்ட தென்பகுதியிலிருந்து. ஊரில் பண்டிகைக்குப் பார்த்த இறைச்சி அங்கே வாரக்கூலியில் வாங்கும் பொருளாக இருந்தது. உருண்டை பெரிதானது, ஸ்பகெட்டியும் அதே தட்டுக்கு வந்தது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 1974இல் தன் பெற்றோரைப் பேசவைத்து எடுத்த ஆவணப்படம் முடியும்போது, அம்மா கேத்தரின் செய்யும் சாறு, உருண்டைக் குறிப்பு திரையில் ஓடும். பெற்றோரைப் பற்றிய படத்தை அப்படி முடித்த மகனை எனக்கு மிகவும் பிடிக்கும். தாயகத்திலோ இன்றும் சாற்றைப் பாஸ்தாவில் கலந்து முதலில் சாப்பிட்டுவிட்டு, உருண்டைகளைத் தனித்தட்டில் பிறகு வைப்பார்கள். அப்ருட்சோவின் தேராமோ போன்ற சில இடங்களில் கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டிய குட்டி உருண்டைகள் பாஸ்தாவோடு வரும். அவற்றை உருட்ட ஒரு முழுக் காலைப் பொழுது வேண்டும்.

கறி சாப்பிடாதவர்களுக்கும் அப்ருட்சோவில் வழியிருக்கிறது. கறியே கிடைக்காத வீடுகள் கண்டுபிடித்த பல்லோத்தே. பழைய ரொட்டி, சீஸ், முட்டை மட்டும் சேர்த்து உருட்டிப் பொரித்து, இதே சூகோவில் ஊறவிடுவார்கள். கறி இல்லாமல் இந்த உருண்டை நிற்கிறது. ரொட்டி இல்லாமல் என் முதல் உருண்டை எப்படி இருந்தது என்பதைத்தான் மேலே சொன்னேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது தட்டில் கொஞ்சம் சூகோ மிஞ்சும். இத்தாலியர்கள் அதை ரொட்டித்துண்டால் வழித்து எடுப்பார்கள். அந்தச் செயலுக்கு ஸ்கார்பெத்தா, சின்னச் செருப்பு என்று பெயர். முதலில் தனியே எடுத்து வைத்தோமே ரொட்டி ஓரம், அதைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சூடாக்கிக் கொண்டுவந்து மேசை நடுவில் வையுங்கள்.