ஊர் திரும்பியோர் மீண்டும் வந்ததேன்?

2020 மார்ச்சு 25 முதல் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. திருப்பூர்ப் பனியன் தொழிலிலிருந்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்டுத் தொழிலாளர் பலர், மே மாதம் தொடங்கிய விசேஷ ரயில்களில் ஊர் திரும்பினர். இனி வாரார் என்றே நாம் கருதினோம். சில மாதங்களுக்குள் பலர் மீண்டும் வந்து சேர்ந்தனர்.

ஊர்ப்பற்றுக் குறைவா? அன்று. பாகப்பிரிவினையால் சுருங்கிய நிலம் ஆண்டு முழுதும் வேலை தாராது. வாங்கிய கடனுக்கு வட்டியோ நில்லாது. திருப்பூரில் சனிக்கிழமைதோறும் கைக்கு வரும் கூலி அங்கில்லை. ஊருக்குப் போக ரயில் கிடைத்தது. ஊரிலே இருக்கப் பிழைப்புக் கிடைக்கவில்லை.

அங்கத்தினர்களே! இது பிறர் கதை மட்டுமன்று. நம் நெசவாளர் வீட்டு இளைஞரும் பனியன் கம்பெனிகளுக்குச் செல்கின்றனர். தறிக்குழியை மூடியபின் திரும்புதல் எளிதன்று. தறி புதிதாக வேண்டும். முதல் சேலை முடிந்து கூலி வரும்வரை அடுப்பெரியவும் வேண்டும்.

ஆதலின் வெளியே செல்வோர் சங்கத் தொடர்பை அறுத்துக்கொள்ளாது, மாதந்தோறும் சிறு தொகையேனும் சேமித்து வரவேண்டும். திரும்புவோர்க்கு நூலும், தொடர்ந்து வேலையும் அளிக்க நிர்வாகக் குழுவினர் இப்பொழுதே வழி வகுத்தல் வேண்டும். வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பின், வந்தவர் தங்கார்.