காசு கொடுத்து வாங்கிய பாட்டு

கேசட் சிக்கியது, சிடி கீறியது. ஆனால் கையில் இருந்தது. பாட்டு சல்லிசாகிவிட்ட காலத்தில் ரசிகர் எதை வாங்குகிறார் என்பதே குழப்பம்.

கேசட் காலத்து வீடுகளில் டேப்ரெக்கார்டருக்குப் பக்கத்தில் பென்சில் ஒன்று தவறாமல் இருக்கும். எழுதுவதற்கல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் உருளையில் பிசுக்கு ஏறிவிட்டால் அது நாடாவை இழுத்துத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். பதறிப்போய்ப் பிடுங்கினால் பாட்டு போயிற்று. நாடாவை விரலால் மெல்ல விடுவித்து, பல்சக்கரத் துளையில் பென்சிலைச் செருகிச் சுற்றினால் பிழைத்தது. நாடா கசங்கிய இடத்தில் மட்டும் லதா மங்கேஷ்கரின் குரல் சற்று நடுங்கும். வீட்டில் எல்லோருக்கும் அந்த நடுக்கம் மனப்பாடம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், இந்திய வீடுகளில் பரவலாக நுழைந்தது 80களில்தான். அதுவரை பாட்டு வியாபாரத்தில் பெரும்பங்கு எச்.எம்.வி. முத்திரை குத்திய கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. அந்தக் கோட்டையை உடைத்தவர் தில்லி தர்யாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்துப் பிள்ளையான குல்ஷன் குமார். பழைய பாட்டைப் புதுக் குரலில் பாடவைத்து விற்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அவரது டி-சீரிஸ் அதன் வழியாக நுழைந்து மளிகைக் கடைக்கும் பான் கடைக்கும் கேசட்டைக் கொண்டுபோனது. 1990-ல் ‘ஆஷிகி’ வந்தபோது லாரி டிரைவர்கூட அதைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. 1997 ஆகஸ்டில் மும்பையில் குல்ஷன் குமார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சட்டத்துக்குப் பிடிக்காத கொள்முதலும் நடந்தது. ரசிகர் தாளில் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார். காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஏழாவது பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோகும். பட்டியல் போட்டவருக்கு நேரக் கணக்கு தெரியாததற்குக் கடைக்காரர் என்ன செய்வார்!

பிறகு வந்த எம்பி3 சிடியில் சுமார் 150 பாட்டு அடங்கியது. பாதியை யாரும் கேட்டதில்லை. கூண்டுக்குள் நின்று கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி தந்த மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடப்பட்டது. அதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள்.

நேர்மையாகக் காசு கொடுக்க நினைத்தவருக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் ‘ஃப்ளைட்’ என்ற பாட்டுக் கடையை இன்டர்நெட்டில் திறந்தது. சில ரூபாய்க்கு ஒரு பாட்டு. பூட்டு எதுவும் கிடையாது. வாங்கியவர் தன் கம்ப்யூட்டரிலும் போனிலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஏழெட்டு ரூபாய்க்காக கிரெடிட் கார்டு எண்ணைத் தட்ட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? அடுத்த தெரு மொபைல் கடையில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்துகொண்டிருந்தார்கள். 2013 ஜூன் 17 அன்று ஃப்ளைட் விற்பனையை நிறுத்தியது. வாங்கியவற்றை இறக்கிக்கொள்ள ஆகஸ்ட் 18 வரை கெடு. இறக்கி வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் தங்கின.

இன்றைய ஆப்களில் அந்தக் கெடுவுக்கும் பெரிய பொருளில்லை. மாதச் சந்தா என்பது வாடகை. ‘டவுன்லோடு’ என்று பொத்தான் சொன்னாலும் பாட்டு ஆப்பை விட்டு வெளியே வராது. 2024-ல் ரெஸ்ஸோவும் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் இந்தியாவில் அடுத்தடுத்து மூடப்பட்டன. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலை வேறு ஆப்புக்குக் கொண்டுபோவது வீடு மாற்றுவதைவிட அலுப்பான வேலை.

ஆச்சரியம் என்னவென்றால், ஆப்கள் பெருகிய அதே காலத்தில் ஒரு பெட்டி விற்றது. பழைய எச்.எம்.வி.யான சரிகம, 2017-ல் ‘கார்வான்’ என்ற பெயரில் பழைய டிரான்சிஸ்டர் போன்ற பெட்டிக்குள் 5,000 இந்திப் பாட்டுகளை நிரப்பி 5,990 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தமிழ்ப் பெட்டியும் தொடர்ந்தது. அம்மா அப்பாவுக்குப் பரிசளிக்கப் பிள்ளைகள் வாங்கினார்கள். இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம்; குமிழைத் திருப்பினால் முகேஷ், இன்னும் திருப்பினால் கிஷோர் குமார். இந்திப் பெட்டியில் அமீன் சயானியின் குரலும் உண்டு. 1952-ல் ரேடியோ சிலோனில் தொடங்கிய ‘கீத்மாலா’வைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றே போதும்.

குறையும் அந்தப் பெட்டிக்குள்தான். வேண்டிய ஒரு பாட்டைக் குமிழால் நேராகப் பிடிக்க முடியாது. பொத்தானை அமுக்கி அமுக்கித் தேடவேண்டும். சரிகமவிடம் உரிமை உள்ள பாட்டு மட்டுமே உள்ளே இருக்கும். டி-சீரிஸின் ‘ஆஷிகி’ அதில் இல்லை. அதற்கென்று பெட்டியில் பென் டிரைவ் செருக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பேரன் விடுபட்ட பாட்டுகளை அதில் ஏற்றித் தந்துவிட்டுப் போகிறான். எங்கிருந்து எடுத்தான் என்று தாத்தா கேட்பதில்லை.