முதற்பரிசோதனையும் அதற்குப் பின்னும்

பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழுவினர் பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, புத்தகப் பையின் அடியில் மாதக்கணக்கில் மடிந்து கிடந்து, மை கலைந்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள் என்பதே வாசிக்க முடியாத நிலையில் தாயாரின் கைக்கு வந்து சேர்வதை நான் எத்தனையோ குடும்பங்களில் கண்டு வருகிறேன். அதற்கு நேர்மாறாக, வாசலுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சொன்ன எண்ணைக் கேட்ட மாத்திரத்தில், தமக்குச் சர்க்கரை வந்துவிட்டதென்று தாமே முடிவு கட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கத் தொடங்குகிறவர்களையும் காண்கிறேன். குறை இருக்கக்கூடும் என்று சந்தேகப்படத்தக்கவர்களைப் பெருங்கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் முதற்பரிசோதனை வேறு, குறை இருக்கிறதா என்று நிர்ணயம் செய்யும் பரிசோதனை வேறு என்பதை நம் ஜனங்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்வோர் இல்லாமையே இவ்விரு தவறுகளுக்கும் மூலம்.

சர்க்கரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரல் நுனி ரத்தத்தைக் கொண்டு எந்நேரமும் பார்க்கப்படும் அளவு, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்பதை மட்டுமே சொல்லும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமுக்குக் குறையாமலோ, குளுக்கோஸ் கரைசல் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200-க்குக் குறையாமலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6.5 சதவீதத்துக்குக் குறையாமலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்வது. உடம்பில் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அதையும் மறுபடி ஒருமுறை பார்த்தே உறுதி செய்வது முறை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போவதுதான் செய்ய வேண்டிய காரியம். அதற்குமுன் எவருடைய மாத்திரையையும் தொடாதீர்கள்.

பச்சிளங் குழந்தையின் காது விஷயம் இதைக் காட்டிலும் அவசரமானது. பிறந்த ஓரிரு நாளில், குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையொன்றைச் செருகிப் பார்க்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையில் 'ரெஃபர்' என்று வந்தால், குழந்தை செவிடு என்று அழுது புரள வேண்டியதில்லை. பிரசவத்தின்போது காதுக்குழாயில் தங்கிய ஈரமும் மாவும் அடைத்திருந்தாலும் அப்படித்தான் வரும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரையே பிறவிச் செவிக்குறைவோடு பிறக்கின்றன. கணக்குக்காக, ஆயிரத்தில் இருவருக்குக் குறை இருப்பதாகவும், குறையில்லாத குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேரைக் கருவி தவறாகச் சந்தேகிப்பதாகவும் வைத்துக்கொண்டால், திரும்ப வரச் சொல்லப்படும் ஐம்பத்திரண்டு பேரில் ஐம்பது பேர் நல்ல காதுள்ளவர்களாகவே இருப்பார்கள். இந்தக் கணக்கைத் தாய்க்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடுவோர் அரிதாக இருப்பதால்தான், ஐம்பது பேர் வீணாகக் கலங்குவதும், "போன முறை பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றுமில்லை" என்ற பேச்சை நம்பி உண்மையான அந்த இருவர் திரும்ப வராமலே போவதும் சேர்ந்து நடக்கின்றன.

திரும்ப வாருங்கள், சொன்ன தேதியில் வாருங்கள். மறு பரிசோதனையிலும் அதே முடிவு வந்தால், மூளைக்கு ஒலி செல்வதை அளக்கும் 'பெரா' பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, டி.இ.ஐ.சி. என்று அங்குள்ளோர் அழைக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கோ எழுத்து மூலம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் மாதத்துக்குள் முதற்பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் நிர்ணயம், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் கொள்ளப்பட்ட கிரமம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிநத்தை உள்வைப்பு அறுவை சிகிச்சை பெறுவதற்கு ஆறு வயது என்ற வரம்பு இருக்க, ஐந்தரை வயதில் ஓடிவரும் பெற்றோருக்கு எந்த டாக்டர்தான் என்ன செய்துவிட முடியும்? மற்றொன்று: பிறந்தபோது 'பாஸ்' என்று எழுதிய காகிதம் ஆயுளுக்கும் உத்தரவாதம் ஆகாது. பிறகு மெல்ல மெல்லக் குறையும் காதுகளும் உண்டு. செவி நரம்பில் உள்ள கோளாறு சிலவற்றை ஓ.ஏ.இ. கண்டுகொள்வதே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்த குழந்தைக்கும், கடுமையான மஞ்சள் காமாலைக்காக ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் 'பாஸ்' வந்திருந்தாலும் 'பெரா' பார்த்துவிட வேண்டும்.

இனி, அதிகம் குழப்பிக்கொள்ளப்படும் கற்றல் குறைபாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விட்டு விட்டு எழுதுகிறான், வாசிக்கச் சொன்னால் தலை குனிந்து நிற்கிறான். "இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா, டிஸ்லெக்சியா மாதிரி தெரியுது" என்று வகுப்பாசிரியை தாயாரிடம் சொல்ல, தாயாரும் அதைத் தலையெழுத்தென்று ஏற்று ஒரு வருஷம் இருந்துவிட்டார். கடைசியில் ஒரு முகாமில் காதைப் பார்த்தபோது இரண்டு காதிலும் குறும்பி கட்டியாக இறுகி அடைத்திருந்தது. எடுத்த பிறகு அவன் வாசிப்பும் தேறியது. ஆசிரியையின் கண்ணில் பட்டது நல்லதே. அதைத் தீர்ப்பாகச் சொன்னதும், அடுத்த வாசலுக்கு அனுப்பாமல் விட்டதும்தான் பிழை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் கூடிய சீக்கிரம் கண்டறியும் கடமையை அதன் 16-ஆம் பிரிவும், எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கும் கடமையை 25-ஆம் பிரிவும் விதிக்கின்றன. 2018-இல் மத்திய அரசு வெளியிட்டு 2024 வரை நடப்பில் இருந்த வழிகாட்டு நெறிகளின்படி, மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போது, ஆசிரியர் முதற்பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும், தனியார் பள்ளியானாலும், தலைமையாசிரியரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று பெற்றோரை அழைத்துப் பேசி, பிள்ளையை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு குழந்தை நல மருத்துவர் நரம்பியல் நிலையையும் கண்ணையும் காதையும் பார்த்து, உளவியலாளர் அறிவுத்திறனை அளந்து, அது 85-க்கு மேல் இருந்தால்தான் பெங்களூரு நிமான்ஸ் தொகுத்த பரிசோதனைத் தொகுதியால் கற்றல் குறைபாடு நிர்ணயிக்கப்பட்டது. கண்ணும் காதும் முதலில் என்பதைக் கவனியுங்கள். இத்தனை படிகளைச் செயலியில் ஆசிரியர் இடும் ஒரு குறி ஈடு செய்துவிடாது. நம் பள்ளிகளில் குறைபாடு இருக்கலாமென்று தோன்றும் பிள்ளைகளை ஆசிரியர் குறித்துக்கொள்ளும் 'நலம் நாடி' செயலி வந்திருப்பது பிரயோஜனமான காரியமே. எத்தனை பேருக்குக் குறியிட்டோம் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டி போட்டு எண்ணிக்கை காட்டும் உத்தியோகஸ்தர்கள், அவர்களில் எத்தனை பேர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள் என்ற எண்ணையும் அதே ஆர்வத்தோடு கேட்பார்களானால் அந்தப் பிரயோஜனம் பன்மடங்காகும்.

வீட்டில் தெலுங்கோ ஹிந்தியோ பேசும் பிள்ளையை அதற்குச் சரிவரத் தெரியாத மொழியில் சோதித்துக் குறைபாடு என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. வீட்டில் என்ன மொழி, எத்தனை வருஷமாகப் பாடமொழியில் படிக்கிறான் என்பதைப் பெற்றோரே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். தனியார் பயிற்சி நிலையம் தரும் அழகான பைண்டு செய்த அறிக்கை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஆகாது. அரசு அறிவித்த மருத்துவ அதிகாரி தருவதே சான்றிதழ். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமையில் மருத்துவக் குழு கூடுகிறது என்று கேட்டுக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் யு.டி.ஐ.டி. இணையதளத்தில் மனுவைப் பதிவு செய்யுங்கள். ஆதார், புகைப்படம், இருப்பிடச் சான்று, அதுவரை எடுத்த எல்லாப் பரிசோதனைத் தாள்களின் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையானால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் மதிப்பீட்டு முகாம் நாளைச் சொல்லுவார். சான்றிதழ் கிடைத்ததும் அது எதுவரை செல்லும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, காலாவதியாகுமுன் மறு மதிப்பீட்டுக்குப் போங்கள்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் தாமாக வந்து சேர்வன அல்ல. தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அங்கிருந்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் மனு போக வேண்டும். பத்தாம் வகுப்பின் ஜனவரி மாதத்தில் "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று ஓடிவருகிறவர்களே அநேகம். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் கையில் இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்பிலேயே.

மருத்துவ அதிகாரி குறைபாடு இல்லை என்று முடிவு செய்தால், அதை எழுத்து மூலம் தெரிவிக்க அவர் சட்டத்தின் 58-ஆம் பிரிவால் கட்டுப்பட்டவர். அம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 59-ஆம் பிரிவு தருகிறது. "இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பள்ளி மனுவை வாங்க மறுத்தாலும், அலுவலகம் இழுத்தடித்தாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். எங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு கூடிய அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லை, ஆபீசர் வரவில்லை என்றால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை, முன்பு சொன்ன தாள்கள் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.